தண்ணீர், பாதை, அப்புறம் மரம்: கொட்டாம்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரை வடிவமைத்த அனுபவம்

கோடை தாண்டிவிட்டது. மதுரைக்கு வடகிழக்கே, கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப நிலத்தில் போன ஐப்பசியில் நட்ட 64 கன்றுகளில் 51 உயிரோடு நிற்கின்றன. மானாவாரிச் செம்மண், அடியில் சரளை. சித்தப்பா காலத்தில் அங்கே வைத்த கன்றெல்லாம் சித்திரை வெயிலில் கருகிப்போனது. கன்று அதே நர்சரிதான், மண்ணும் அதே மண்தான். எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது என்ற வரிசையைத்தான் இந்தத் தடவை மாற்றினோம். அதை எப்படிச் செய்தோம், எவ்வளவு செலவானது என்று எழுதிவைக்கிறேன். இதே மாதிரி மேட்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கை ஒட்டிப் பண்ணையை வடிவமைக்கும் முறை, என்றதும் வட்டப் பாத்தியும் மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1970களில் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் அதைத் தொடங்கியபோது அதன் மையமே வடிவமைப்புதான். கவனி, எல்லையைக் குறி, என்ன இருக்கிறது என்று பட்டியலிடு, மதிப்பிடு, வரை, செய், பராமரி. இந்த ஏழு படிதான் நாங்கள் எடுத்துக்கொண்டது. இதோடு யோமன்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பண்ணையாளர் 1950களில் சொன்ன வரிசையையும் சேர்த்துக்கொண்டோம். தட்பவெப்பம், நில அமைப்பு, தண்ணீர், பாதை, மரம், கட்டடம், வேலி, மண் என்று போகும் அது. மாற்றவே முடியாதது முதலில், சுலபமாக மாற்றக்கூடியது கடைசியில். நாம் வழக்கமாகக் கடைசியிலிருந்துதான் தொடங்குவோம். எரு அடிப்போம், வேலி போடுவோம், மரம் வைப்போம், தண்ணீரைப் பற்றி அப்புறம் யோசிப்போம்.

வரைபடம்

வருவாய்த் துறையின் புலப்படத்தை இணையத்தில் எடுத்து, கடையில் கொடுத்து ஏ3 அளவுக்குப் பெரிதாக்கினேன். 30 மீட்டர் டேப்பை வைத்து நிலத்தில் அளந்து சரிபார்த்தோம். ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 150 சென்ட். மோட்டார் ரூம், போர், இரண்டு வேப்பமரம், ஒரு பனை, கிழக்கே வண்டிப்பாதை எல்லாவற்றையும் குறித்தேன். இது அடிப்படைத் தாள். இதன்மேல் டிரேசிங் ஷீட் வைத்து ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாக வரைய வேண்டும். காற்றுக்கு ஒரு தாள், தண்ணீருக்கு ஒன்று, ஆள் நடமாட்டத்துக்கு ஒன்று. தப்பாகப் போனால் அந்த ஒரு தாளைக் கிழித்தால் போதும். ஷீட் விலை பத்து ரூபாய். ஜேசிபி வந்தபிறகு மனசு மாறினால் மணிக்கு 1,300 ரூபாய்.

காற்றுத் தாளில் பெரிய அம்புக்குறி மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. ஆடிக் காற்றில் இளங்கன்று வாடுவது வெயிலில் வாடுவதைவிட வேகமாக நடக்கும். அதனால் மேற்கு ஓரம் முழுக்க நொச்சியும் கிளுவையும் பூவரசும் என்று அப்போதே முடிவானது. கிழக்கே வண்டிப்பாதை ஓரத்துக் காய்ந்த புல்லில் பங்குனி, சித்திரையில் யாராவது தீ வைத்துவிடுவார்கள். அங்கே மூன்று மீட்டருக்கு எதுவும் நடாமல் செதுக்கிவிட வேண்டும் என்று குறித்தோம். மலைப் பக்கத்திலிருந்து வரும் மயில்களுக்கும் ஒரு அம்புக்குறி உண்டு. அவற்றை விரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. விதைப்பு எந்த இடத்தில், எப்போது என்பதை அவற்றை நினைத்து வைத்துக்கொண்டே முடிவு செய்தோம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

எனது முதல் தாளில் பண்ணைக்குட்டை தென்கிழக்கு மூலையில், நிலத்தின் ஆகப் பள்ளமான இடத்தில் இருந்தது. தண்ணீர் தானாக வந்து சேரும் இடம் அதுதானே. அந்தத் தாள் இரண்டு காரணங்களால் போனது.

ஒன்று, பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி, அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர், ஒருவர் சொன்னது. மழைக்காலத்தில் அந்தப் பக்கமே சுற்றுகிறவர். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக் கைநீட்டினார். "தம்பி, ஒங்க காட்டுல பெய்யிற தண்ணி மட்டும் இல்ல. அந்தா, பாறைக்கு அங்கிட்டு இருந்து வடமேக்கு மூலையில ஒரு தண்ணி உள்ள ஏறும். பெருமழைன்னா முழங்கா அளவு ஓடும்." சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று கன்று நட்டதற்கு முந்தின வருஷ ஐப்பசியில் மழை பிடித்த ஒரு மத்தியானம் குடையோடு போய் நின்றேன். அவர் சொன்ன இடத்தில்தான் செம்மண் தண்ணீர் நுழைந்து, நிலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வருஷம் முழுக்கக் கவனி என்று பெர்மாகல்ச்சரில் வலியுறுத்துவது இதற்குத்தான். கோடையில் மட்டும் பார்த்திருந்தால் அந்த வரத்து எனக்குத் தெரிந்தே இருக்காது.

இரண்டாவது, பள்ளத்தில் சேர்கிற தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் வேண்டும். மேட்டில் தேக்கினால் பெரும்பங்கு தானாக இறங்கும். குட்டையை வடமேற்குப் பக்கம் நகர்த்தி, மேல் எல்லையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வரைந்தோம்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 150 சென்ட் என்பது 6,070 சதுர மீட்டர். 50 மி.மீ. அடித்துப் பெய்தால் 3 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடும் என்று வைத்துக்கொண்டேன். ஆக, ஒரு பெருமழைக்கு ஒரு லட்சம் லிட்டரை நிறுத்த இடம் வேண்டும். வெளியிலிருந்து வருவது தனி.

மட்டம் எடுத்ததில் மேலிருந்து கீழ்வரை 2.4 மீட்டர் சரிவு. 60 செ.மீ. இறக்கத்துக்கு ஒன்று என சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டி மழைத் தண்ணீரை நிறுத்தும் மூன்று சமமட்ட வாய்க்கால்கள், 25 மீட்டர் இடைவெளியில். ஒவ்வொன்றும் 45 மீட்டர் நீளம், மேலே 90 செ.மீ. அகலம், அடியில் 50, ஆழம் 45. ஒன்றில் 14,000 லிட்டர் நிற்கும், மூன்றிலும் சேர்த்து 42,000. குட்டை மேலே 10-க்கு 8 மீட்டர், அடியில் 7-க்கு 5, ஆழம் ஒன்றரை மீட்டர். அதில் 84,000 லிட்டர்.

இதற்கு மேல் வருவதைத் தடுக்க வேண்டாம் என்று தீர்மானமாக இருந்தேன். எங்கள் நிலத்துக்குக் கீழே கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால், அதற்குக் கீழே ஊர்க் கண்மாய். மேட்டிலிருப்பவர் எல்லாத் தண்ணீரையும் மறித்தால் அந்தக் கண்மாயில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர் என்ன செய்வார்? நம் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் ஒன்று நிறைந்து அடுத்ததுக்குப் போகும்படிதான் அமைந்தவை. அதே கணக்கில் குட்டைக்கும் மிச்சத் தண்ணீர் வழிந்துபோக ஒரு கலிங்கு வைத்தோம். கரையின் தலையைவிட 30 செ.மீ. தாழ்வு, ஒன்றரை மீட்டர் அகலம், காட்டில் பொறுக்கிய கல்லைக் கொத்தனார் பதித்துக் கொடுத்தார்.

மட்டம் பார்த்தல்

ஏ வடிவச் சட்டம் நாங்களே கட்டினோம். ஏழடிச் சவுக்குக் கம்பு இரண்டு, குறுக்கே ஒன்று, கால்களுக்கு நடுவே சரியாக 2 மீட்டர். உச்சியிலிருந்து நூலில் தூக்குக்குண்டு. முதல் வேலை சட்டத்தையே சரிபார்ப்பது. இரண்டு காலும் நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போட வேண்டும். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் போடும் கோடுதான் மட்டம். இதைச் செய்துவிட்டால் ஒரு கால் சற்று நீளமாக இருந்தாலும் கவலையில்லை.

காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருந்தது. அரைக்கிலோ கல்லைக் கட்டியும் நிற்கவில்லை. விடிகாலையில் மட்டும்தான் முடிந்தது. பாதிக்குமேல் கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூபுக்கு மாறினோம். அரை அங்குலம், 10 மீட்டர், உள்ளே தண்ணீர் தெரியும் டியூப். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கரைத்துக்கொண்டால் வெயிலில் கோடு தெளிவாகத் தெரிகிறது. டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஒரு முனையை வாளிக்குள் வைத்து மறுமுனையைத் தாழ்த்தி, குமிழி நின்றுபோகும்வரை தண்ணீரை ஓடவிட வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இது. சட்டத்தில் போட்ட கோட்டை டியூபில் சரிபார்த்தபோது 45 மீட்டருக்கு 2 செ.மீ.தான் வித்தியாசம். குறைந்த செலவில் சட்டமே போதும், ஆனால் இருவர் இருந்தால் டியூப் வேகம். சுண்ணாம்பு தூவிக் கோடு போட்டோம்.

கைப்பேசியில் தெரியும் உயர அளவு இந்த வேலைக்கு உதவாது. ஒன்றரை ஏக்கருக்குள் அதன் பிழையே சரிவைவிடப் பெரிது.

சித்தி சொன்ன பாதை

அடிக்கடி போகும் இடத்தை வீட்டுக்குப் பக்கத்தில் வை, எப்போதாவது போவதைத் தள்ளி வை. மண்டலம் பிரிப்பதன் சாரம் அவ்வளவுதான். நான் மோட்டார் ரூமை மையமாக வைத்துக் கீரைப்பாத்தி, நாற்றங்கால், உரக்குழி எல்லாம் அதைச் சுற்றி வரைந்திருந்தேன். தாளைச் சித்தியிடம் காட்டியதும் அவர் கேட்டார்: "நீ வாரத்துக்கு ஒருநா மதுரையில இருந்து வருவ. தெனம் வர்றது யாரு? நான் ஊருப்பக்கத்துல இருந்து அந்தப் படல் வழியா வருவேன். மோட்டார் ரூமு எனக்கு எதுக்கு, சுவிச்சப் போடவா?"

அவர் சொன்னபடி ஒரு பட்டியல் எழுதினோம். என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை நடை. கீரை பறிப்பதும் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தினசரி. முருங்கை வாரம் இரண்டு. மாமரம் மாதத்தில் சில தடவை. வேலிப் பக்கம் எப்போதாவது. மையம் வடகிழக்குப் படலுக்கு நகர்ந்தது. படலிலிருந்து குட்டைக்குப் போகும் நடைபாதை முதல் வாய்க்காலின் கரைமேலேயே போகும்படி வரைந்தோம். அதனால் சித்தி நடக்கும் வழியிலேயே எல்லாக் கன்றும் கண்ணில் படும். எந்தக் கன்றில் கரையான் ஏறியிருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். ஒரு பண்ணையைத் தினமும் யார் நடப்பார்களோ அவர்களை உட்காரவைத்துப் பேசாமல் அதை வரையக் கூடாது. இந்த முழு வேலையிலும் பலன் கொடுத்த ஒரே ஒரு மணி நேரத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தோண்டியது, கசிந்தது, அடைத்தது

மாசிக் கடைசியில் ஜேசிபி வந்தது. குட்டையும் வாய்க்கால்களும் சேர்த்து 9 மணி நேரம். தோண்டிய மண் வாய்க்காலின் பள்ளப் பக்கத்தில்தான் விழ வேண்டும், மேட்டுப் பக்கம் விழுந்தால் மழைக்கு எல்லாம் உள்ளே சரியும். இதை டிரைவரிடம் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எந்திரம் அடியைச் சமமாக வெட்டாது. டியூப் வைத்துப் பார்த்ததில் சில இடங்களில் 8 செ.மீ. வரை ஏற்ற இறக்கம். இரண்டு ஆள் மம்பட்டியோடு இறங்கிச் சரிசெய்தார்கள். இதை விட்டால் தண்ணீர் ஒரே முனையில் சேர்ந்து அங்கே கரையை உடைக்கும்.

சித்திரையில் ஒரு கோடை மழை. குட்டையில் இரண்டடி நின்றது. அளவுக்கோல் நட்டிருந்தோம், தினமும் ஒரு சாண் இறங்கியது. ஊறும் வேகத்தை முன்பே சோதித்துத்தான் இருந்தோம். ஓரடிக் குழி வெட்டி, ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி ஊற்றிப் பார்த்ததில் மெதுவாகத்தான் ஊறியது. ஆனால் அது மேல்மண்ணின் வேகம். குட்டை இறங்குவதோ ஐந்தடிக்கு. நாலடிக்குக் கீழே வெறும் சரளை, தண்ணீர் அதன் வழியாக ஓடிவிட்டது.

பிளாஸ்டிக் தாள் விரிப்பதை நாங்கள் விரும்பவில்லை. விலையும் அதிகம், ஆடு ஒருமுறை இறங்கினால் கிழியும். கண்மாய் காய்ந்து கிடந்த நேரம் அது. அனுமதி வாங்கி வண்டல் எடுத்தோம். அது களிமண் வகைதானா என்று பாட்டிலில் போட்டுப் பார்த்தோம். கால் பாட்டில் மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தால் மணல் ஒரே நிமிஷத்தில் அடியில் போய்விடும். அதற்கு மேலே படிவது வண்டல். களி மறுநாளும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். எங்கள் பாட்டில் மூன்றாம் நாளும் தெளியவில்லை. பிறகென்ன, ஆறு டிராக்டர் நடை அடித்தோம்.

அடியிலும் நான்கு சரிவிலும் 15 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மாடுகளை இறக்கி மிதிக்கவிட்டோம். விரலை அழுத்தினால் உள்ளே போகாத பதம் வரும்வரை. சரிவில் மாடு நிற்காது. அங்கே திமுசுக்கட்டையால் கையால் அடித்தது. ஐப்பசி மழையில் குட்டை நிறைந்து கலிங்கு வழியாக வரத்துக்காலுக்குப் போனது. மழை விட்டபின் அளந்தால் நாளுக்கு 2 செ.மீ. இறங்குகிறது, வெயில் குடிப்பதும் அதில் அடக்கம். மாசிப் பாதிவரை தண்ணீர் இருந்தது.

மேட்டில் வைத்ததன் பலனையும் அளந்தோம். ஹோஸை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கி நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே கீழே இழுத்துவந்து விட்டால் தானாக ஓடுகிறது. குட்டையின் மேல் பாதித் தண்ணீர், அதாவது 84,000-ல் 50,000 லிட்டர், குட்டையிலிருந்து சரிவில் 31 மீட்டருக்கு அப்பால் கீழே உள்ள எந்தக் கன்றுக்கும் மின்சாரமில்லாமல் போய்ச் சேரும். அடிப் பாதிக்குச் சரிவு போதாது. அதற்குச் சின்ன பம்பு தேவை.

மரமும் மண்ணும்

புரட்டாசியில் கீதாரி எருவுக்காக மூன்று இரவு எங்கள் நிலத்தில் கிடை போட்டார். ஓர் இரவுக்கு 1,000 ரூபாய், மேற்கொண்டு சாப்பாட்டு அரிசி. பிறகு இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப்போன பலதானிய விதைப்பு. கம்பு, சோளம், உளுந்து, தட்டை, கொள்ளு, எள், நிலக்கடலை, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கலந்து 25 கிலோ. வாய்க்கால் கரைகளில் முதலில் தூவினோம், வேர் பிடித்தால்தான் கரை நிற்கும். மயிலுக்குப் பயந்து விதைத்த அன்றே சருகு மூடாக்கு. பூக்கும் சமயத்தில் நிலத்தில் இருந்ததை மடக்கி உழுதோம், கரையில் இருந்ததை விட்டுவிட்டோம்.

கரையின் பள்ளப் பக்க அடிவாரத்தில் கன்றுகள். எட்டு மீட்டருக்கு ஒரு மா என்று 18, இடையில் சீதா, முருங்கை, நாவல், நிழலுக்கும் தழைக்கும் அகத்தியும் கிளைரிசிடியாவும் என 46. இரண்டடிச் சதுரக் குழி, இரண்டடி ஆழம். மா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கழுத்தளவு புதைத்த மண்பானை, அடியில் துளையிட்டுத் திரி போட்டது. மாசிக்குப் பிறகு போர் தண்ணீர் அரைமணி நேரம்தான் வரும். அதைப் பானைகளில் ஊற்றிவைத்தால் கன்று பார்த்துக்கொண்டது. 18 மாவில் 17 இருக்கிறது.

செத்த 13-ல் ஒன்பது மூன்றாவது வரிசையின் கிழக்குப் பாதியில். அங்கே கரையான் அதிகம். காய்ந்த மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போட்டிருந்ததும் ஒரு காரணம். இப்போது தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுத்தான் மூடாக்கு.

செலவு

ஜேசிபி 11,700. வண்டல் ஏற்றி இறக்க 5,400. கலிங்குக்குக் கொத்தனார் கூலி 3,200. ஆள் கூலி 6,400. கன்றுகள் 3,080, இதில் ஒட்டு மா மட்டும் 2,160. கிடை 3,000. பலதானியம் 2,500. பானை 1,620. டியூப், ஷீட், நூல், சுண்ணாம்பு 450. மொத்தம் 37,350 ரூபாய். வரைபட வேலைக்கு ஆனது அந்த 450-க்குள்தான்.

அடுத்த நிலத்தில் செய்தால் குட்டைக்கு இடம் குறித்ததும் கடப்பாரையால் ஐந்தடிக்கு இரண்டு சோதனைக் குழி போடுவேன். குட்டை எந்த ஆழத்துக்குப் போகிறதோ அந்த ஆழத்து மண்ணைத்தான் சோதிக்க வேண்டும். சரளை தெரிந்தால் ஜேசிபி இருக்கும்போதே வண்டலும் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வேன், அதற்குக் கண்மாய் காயும் வைகாசியே தோண்ட ஏற்ற மாதம். மேற்கு ஓரக் காற்றுத்தடுப்பை மற்ற கன்றுகளுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே நட்டுவிடுவேன். இப்போது ஆடிக் காற்றில் நொச்சி இடுப்பளவுதான் நிற்கிறது, மேற்கு முனையில் இருக்கும் நாவல்களுக்குத் தென்னங்கீற்று கட்டியிருக்கிறோம். மூன்றாவது வரிசையில் காலியான இடத்துக்கு வேம்பும் சீதாவும் புரட்டாசியில் போகும். சித்தி தன் நடைபாதையைக் குட்டையைத் தாண்டி இரண்டாவது கரைக்கும் நீட்டச் சொல்கிறார். அதற்கான ஷீட்டை இந்த வாரம் வரைய வேண்டும்.